மார்ச்சிங் பேஸ் டிரம்மைக் கிக் டிரம் ஆக்க எந்த வழி நல்லது?

நெஞ்சில் மாட்டிக்கொண்டு நடந்தபடியே இரண்டு பக்கமும் கோலால் அடிக்கிற பேஸ் டிரம் ஒன்று கைக்கு வந்தால், டிரம் செட் வாசிக்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: இதைத் தரையில் வைத்து, பெடலை மாட்டி, காலால் அடிக்கிற கிக் டிரம் ஆக்கிவிடலாமா? ஆக்கலாம். எப்படி ஆக்குவது என்பதில்தான் வழிகள் பல. ஓட்டையே போடாமல் நிறுத்தலாம், துளையிட்டு ஸ்பர் என்கிற ஊன்றுகால் பொருத்தலாம், ஷெல் என்கிற உருளை உடலை வெட்டலாம், இருக்கிற கிக்குக்கு முன்னால் துணை டிரம்மாக வைக்கலாம், அல்லது இதை இப்படியே விட்டுவிட்டுப் பழைய கிக் ஒன்றை வாங்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறுக்களவு 20 முதல் 26 இன்ச்சுக்குள் இருந்து, ஷெல்லும் நல்ல நிலையில் இருந்தால் மாற்றுவது வீண் போகாத வேலை. ஆனால் ஓட்டை போடுவது கடைசியாகச் செய்ய வேண்டியது. சில வாரமாவது துளையிடாமல் வாசித்துப் பார்த்த பிறகுதான் டிரில் மிஷினைத் தொட வேண்டும்.

இந்த யோசனை புதிதும் அல்ல. டிரம் செட்டே இப்படித்தான் பிறந்தது. பெடல் பரவலாவதற்கு முன்னால், ஊர்வலத்தில் இரண்டு மூன்று பேர் வாசித்ததை மேடையில் ஒரே ஆள் வாசிக்க வேண்டி வந்தபோது, பேஸ் டிரம்மைத் தரையில் வைத்து, பக்கத்தில் ஸ்னேர் என்கிற சின்ன டிரம்மைச் சாய்த்து வைத்து, இரண்டையும் குச்சியாலேயே மாற்றி மாற்றி அடித்தார்கள். வில்லியம் லட்விக் தன் சகோதரர் தியோபால்டுடன் சேர்ந்து 1909-ல் சிகாகோவில் கம்பெனி தொடங்கியதே வேகமாக இயங்கும் பெடல் ஒன்றைச் செய்து விற்கத்தான். 1920-களின் ஜாஸ் செட்டுகளில் 28 இன்ச் பேஸ் டிரம் சாதாரணமாக இருந்தது. அதெல்லாம் ஊர்வல டிரம்மின் நேர் வாரிசு. ஆகவே நாம் செய்யப்போவது ஒரு வாத்தியத்தை அதன் பழைய வேலைக்கே திருப்பி அழைப்பதுதான்.

முதலில் டிரம்மைப் பாருங்கள்

எந்த வழி என்று தீர்மானிப்பதற்கு முன்னால் குறுக்களவையும் ஆழத்தையும் அளந்துகொள்ளுங்கள். இன்றைய மார்ச்சிங் பேஸ் டிரம்களில் பெரும்பாலானவை 14 இன்ச் ஆழம் உள்ளவை. குறுக்களவு மட்டும் மாறிக்கொண்டே போகும். ஒரு வரிசையில் ஐந்து பேர் ஐந்து அளவுகளில், ஐந்து சுருதிகளில் வாசிப்பார்கள். இந்த 14 இன்ச்சைப் பார்த்துச் சிலர் தயங்குகிறார்கள். கடையில் பார்க்கிற கிக் 16, 18, சில சமயம் 20 இன்ச் ஆழம் இருப்பதால் இது போதாது என்று நினைக்கிறார்கள். தயங்க வேண்டாம். 1960-களில் கிக்கின் வழக்கமான ஆழமே 14 இன்ச்தான். பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் 1963-ல் வாங்கிய லட்விக் செட்டின் கிக் 20-க்கு 14, அதாவது குறுக்களவு 20 இன்ச், ஆழம் 14 இன்ச். லெட் செப்பலின் குழுவின் ஜான் பான்ஹாமின் பேர்போன பெரிய கிக் 26-க்கு 14. ஆழம் குறைந்தால் சத்தம் குறைந்துவிடும் என்பது தவறான எண்ணம். இரண்டு தோல்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், பின்தோலை அடித்ததும் உள்ளே இருக்கும் காற்று முன்தோலை உடனே தள்ளுகிறது. காலுக்குப் பதில் சட்டென்று கிடைக்கும்.

குறுக்களவுதான் உண்மையில் முடிவைத் தீர்மானிப்பது. 22 இன்ச் என்றால் சாதாரண பெடலின் பீட்டர், அதாவது தோலை அடிக்கிற முனை, ஏறக்குறைய நடுவில் வந்து விழும். 18 அல்லது 16 என்றால் பீட்டர் நடுவுக்கு மேலே போய் அடிக்கும். டிரம்மைத் தரையிலிருந்து தூக்கி, பெடலை அதன் கீழே தனியாகப் பிடிக்கிற லிஃப்ட் வேண்டும். 24, 26 இன்ச்சில் பீட்டர் நடுவுக்குக் கொஞ்சம் கீழே அடிக்கும். அது குறை இல்லை, தொனி கொஞ்சம் திறந்து கேட்கும். பீட்டர் கம்பியை ஏற்றி வைத்தால் ஓரளவு சரியாகும். 28-ஐத் தொட்டால் விஷயம் மாறுகிறது. டிரம்மின் உச்சியே இடுப்புக்கு வந்துவிடுவதால், கிக்குக்கு மேலே வருகிற டாம் டிரம்மை எங்கே வைத்தாலும் உயரமாக இருக்கும். கிக்குக்கென்று செய்த தோல்களும் அந்த அளவில் குறைவாகவே கிடைக்கும். 28, 30, 32 இன்ச் டிரம் கையில் இருந்தால் கிக் ஆக்குவதைவிட, பிறகு சொல்லப்போகிற துணை டிரம் வழியை யோசியுங்கள்.

அடுத்தது ஷெல்லின் உடல்நிலை. இந்த டிரம்கள் வெயிலிலும் மழையிலும் நின்றவை, வண்டியில் உருண்டவை, தோலைப் பிடிக்கிற வளையமான ஹூப் கோலடியில் நசுங்கியவை. இரண்டு தோலையும் கழற்றிவிட்டு, ஷெல்லைத் தடித்த கண்ணாடி மாதிரி சமமான பரப்பின் மேல் வைத்து, உள்ளே ஒரு விளக்கை எரியவிடுங்கள். விளிம்புக்கும் பரப்புக்கும் இடையே வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் தோல் சரியாக உட்காராத இடம். பிறகு நான்கு திசையில் குறுக்களவை அளந்து, வட்டம் வட்டமாகவே இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக விரல் கணுவால் சுற்றிலும் தட்டிக்கொண்டே போங்கள். எங்காவது சத்தம் செத்துப்போய்க் கேட்டால் அங்கே மரத்தாள்கள் ஒட்டு விட்டுப் பிரிந்திருக்கலாம். சின்னப் பிரிவென்றால் மரப்பசை விட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கிச் சரி செய்துவிடலாம். பாதி ஷெல் அப்படி இருந்தால் அதற்காகச் செலவழிக்காதீர்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சில பழைய டிரம்களில் ஒரே நீளக் கம்பி இந்தப் பக்க ஹூப்பிலிருந்து அந்தப் பக்க ஹூப் வரை ஓடும். அதைத் திருகினால் இரண்டு தோலும் சேர்ந்தே இறுகும், தனித்தனியாகச் சுருதி வைக்க முடியாது. கயிறு கட்டி இறுக்குகிற பழைய டிரம்மும் உண்டு. இப்படிப்பட்ட பழைய வாத்தியங்களில் ஓட்டை போட எனக்கு மனம் வராது. அவற்றுக்குத் துளையிடாத வழி மட்டும்தான்.

துளையிடாமல் நிறுத்துவது

இதற்கு இரண்டு விதம். ஒன்று, முன் ஹூப்பில் கவ்வுகிற ஸ்பர்கள். அந்தக் காலத்துக் கிக் டிரம்களில் இதுதான் வழக்கம். ஷெல்லைத் தொடாமல் ஹூப்பையே பிடித்துக்கொள்ளும். இன்னொன்று, டிரம்மை அடியிலிருந்து ஏந்துகிற தொட்டில் மாதிரியான ஸ்டாண்டு. தொட்டில் உருளாமல் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சுமந்து செல்லும் பொருட்களில் ஒன்று கூடும். டிரம்மைத் தரையிலிருந்து எவ்வளவு தூக்குகிறது என்பதைப் பார்த்து வாங்க வேண்டும். சின்ன டிரம்முக்கு அந்த உயரம் உதவி. 26 இன்ச்சுக்கு அதுவே தொல்லை, பீட்டர் இன்னும் கீழே இறங்கிவிடும்.

ஹூப் ஸ்பரின் குறை வேறு. மார்ச்சிங் டிரம் இலேசானது. தோளில் சுமக்க வேண்டும் என்பதால் ஷெல்லை மெல்லியதாகவே செய்கிறார்கள். இலேசான டிரம்மைக் காலால் உதைக்க உதைக்க அது முன்னால் நகரும். நான் 24-க்கு 14 ஒன்றை மூன்று மாதம் இப்படி வாசித்தேன். தடித்த கம்பளத்தின் மேல் வைத்து, கம்பளத்தின் மறுமுனையில் என் இருக்கையைப் போட்டு, என் எடையாலேயே அதைப் பிடித்துவைத்தேன். மெதுவான பாட்டுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. வேகம் கூடி, கால் அழுத்தமாக விழும் இடங்களில் ஹூப் இலேசாக முறுகுவதை உணர முடிந்தது. ஹூப் முறுகினால் முன்தோலின் சுருதி கலையும். வீட்டில் பயிற்சிக்கும் சின்ன மேடைக்கும் இது போதும். வாரம் மூன்று நிகழ்ச்சி என்றால் போதாது.

அப்படியானால் ஏன் இதை முதலில் செய்யச் சொல்கிறேன்? டிரம்மின் குரல் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிய வேறு வழி இல்லை என்பதால்தான். மார்ச்சிங் தோலை அப்படியே வைத்து வாசித்துப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். அந்தத் தோல் உயர்ந்த இறுக்கத்தில், தனிச் சுருதியோடு ஒலிப்பதற்காகச் செய்தது. ஓரத்தில் நுரை ஒட்டியிருந்தாலும் கோலடிக்கு ஏற்றபடிதான் இருக்கும். அடிக்கிற பக்கத்துக்குக் கிக் தோல் ஒன்றைப் போட்டு, விரலால் முடிந்தவரை திருகி, சுருக்கங்கள் மறையும் அளவுக்கு மட்டும் இறுக்கிய பிறகு கேளுங்கள். அதே ஷெல்லா இது என்று தோன்றும். 22 இன்ச் மார்ச்சிங் ஷெல்லுக்கு 22 இன்ச் கிக் தோல் பொருந்தும். மிகப் பழைய டிரம்களில் மட்டும் அளவு கொஞ்சம் விலகியிருக்கலாம், அளந்து வாங்குங்கள். இந்தத் தோல் செலவு எந்த வழியில் போனாலும் உண்டு, அதனால் இந்தச் சோதனையில் நஷ்டம் இல்லை.

துளையிட்டு முழுதாக மாற்றுவது

குரல் பிடித்துவிட்டது, இதையே நிலையாக வாசிக்கப்போகிறேன் என்றால் ஷெல்லில் பொருத்துகிற ஸ்பர்தான் சரி. அதன் பிடிப்பே தனி. கால் எவ்வளவு அழுத்தினாலும் ஊன்றிய இடத்தில் நிற்கும், மடக்கி வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம், ஹூப்புக்கு வேலை இல்லை. ஆனால் போட்ட ஓட்டை போட்டதுதான். இங்கே நான் ஒரு தவறு செய்தேன், அதை விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்பர் வைக்கும் இடத்தைக் கடிகார முள் கணக்கில் நான்கு மணி, எட்டு மணி என்று சொல்வார்கள். அதாவது டிரம்மின் அடிப்புள்ளியிலிருந்து இரண்டு பக்கமும் 60 டிகிரி. நான் அப்படியே குறித்து ஓட்டை போட்டேன். பொருத்திப் பார்த்தால் ஸ்பரின் பிடி ஒரு லக்கை, அதாவது தோலை இறுக்கும் கம்பி ஷெல்லில் மாட்டுகிற உலோகப் பிடியை, உரசிக்கொண்டு நின்றது. ஸ்பரின் காலை மடக்கினால் முன் ஹூப்பை இழுத்துப் பிடிக்கும் கொக்கியில் இடித்தது, அந்த இடத்துக் கம்பியில் சாவி போடவும் முடியவில்லை. காரணம் எளிய கணக்கு. பெடலை ஹூப்பில் கவ்வும் இடத்தில் கொக்கி இருக்கக்கூடாது. ஆகவே டிரம்மைத் திருப்பி, இரண்டு லக்குகளுக்கு நடுவிலுள்ள இடத்தை அடியில் கொண்டுவர வேண்டும். 10 லக் உள்ள டிரம்மில் லக்குகளுக்கு இடைவெளி 36 டிகிரி. அப்போது அடிப்புள்ளியிலிருந்து லக்குகள் 18, 54, 90 டிகிரியில் வந்து நிற்கும். 60 டிகிரி என்பது 54-ல் உள்ள லக்கின் மேலேயே ஏறி உட்காருகிறது. நான் 72-ல் போட்டிருக்க வேண்டும், கால் கொஞ்சம் நீளமாக உள்ள ஸ்பரோடு. 8 லக் டிரம்மில் லக்குகள் 22.5, 67.5 டிகிரியில் வரும். அங்கே 45 தான் நடு. 12 லக் உள்ளவர்களுக்கு மட்டும் அதிர்ஷ்டம். 45-க்கும் 75-க்கும் நடுவில் 60 அழகாக விழும். துளையிடும் முன் பெடலை மாட்டி, டிரம்மைத் தன் இடத்தில் நிறுத்தி, ஸ்பரை டேப் போட்டு ஒட்டி, மடக்கியும் விரித்தும் பாருங்கள். பத்து நிமிட வேலை.

முன்பின் இடமும் முக்கியம். 14 இன்ச் ஆழம்தான் என்பதால் ஸ்பர் நடுவில் இருந்தால் டிரம் முன்பக்கம் கவிழப் பார்க்கும். முன் விளிம்பிலிருந்து நான்கு ஐந்து இன்ச் தள்ளி, காலை முன்னோக்கிச் சாய்த்து, முன் ஹூப் தரையிலிருந்து ஒரு இன்ச் அளவுக்குத் தூக்கி நிற்கும்படி வைத்தால் நன்றாக ஊன்றும்.

துளைக்கும்போது அந்த இடத்தில் டேப் ஒட்டி, அதன் மேல் குறித்து, சின்ன பிட்டில் தொடங்கி ஒவ்வொரு அளவாகப் பெரிதாக்குங்கள். வெளியிலிருந்து உள்நோக்கித் துளைக்க வேண்டும். உள்பக்கம் ஒரு மரக்கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் மரத்தாள் பிய்ந்து வராது. துளையின் உள்ளே தெரியும் பூச்சில்லாத மரத்துக்கு ஒரு சொட்டு வார்னிஷ் தடவுங்கள், ஈரம் அங்கிருந்துதான் நுழையும். ஷெல் மெல்லியது என்பதை மறக்காதீர்கள். சின்ன வாஷர் மட்டும் போட்டால் நாளடைவில் மரத்துக்குள் புதையும். உள்பக்கத்தில் வளைவுக்கு ஏற்ற அகலமான உலோகத் தகடோ பிளைவுட் துண்டோ கொடுத்து, அதன் மேல் நட்டை முடுக்குங்கள்.

டாம் ஹோல்டரையும் சேர்த்து ஷெல்லின் உச்சியில் மாட்டலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். இவ்வளவு மெல்லிய ஷெல்லில் இரண்டு டாமின் எடையைத் தொங்கவிட்டால் வட்டம் கெடும். அடிக்கும்போதெல்லாம் டாம் ஆடும். டாமை ஸ்னேர் ஸ்டாண்டிலோ சிம்பல் ஸ்டாண்டிலோ வைத்துக்கொள்ளுங்கள், கிக்கும் தாராளமாக ஒலிக்கும்.

நெஞ்சில் மாட்டுவதற்கான உலோகப் பிடியைக் கழற்றினால் அந்த ஓட்டைகள் மிஞ்சும். அவற்றை அடியில் வருமாறு திருப்பிவிட்டால் கண்ணில் படாது. போல்ட்டும் ரப்பர் வாஷரும் போட்டு அடைத்தால் கிணுகிணுப்பும் வராது. அடியில் வரும் இரண்டு கம்பிகளில் கைப்பிடி இருந்தால் அவற்றை மட்டும் சாவிக் கம்பியாக மாற்றுங்கள், பெடலில் இடிக்காது. புதுக் கம்பி வாங்கப் போகும்போது பழைய கம்பி ஒன்றைக் கையோடு கொண்டுபோய் மரை பொருந்துகிறதா என்று பாருங்கள், எல்லா டிரம்மிலும் ஒரே மரை இல்லை.

ஷெல்லை வெட்டுவது

சிலர் 14 இன்ச் ஷெல்லை இரண்டாக வெட்டி, ஏழு ஏழு இன்ச்சில் இரண்டு டிரம் செய்ய ஆசைப்படுவார்கள். நேராக வெட்ட வேண்டும், இரண்டு புது விளிம்பு சீவ வேண்டும், லக்குகளை இடம் மாற்ற வேண்டும். மர வேலையில் தேர்ந்த கையும் அதற்கான எந்திரமும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். கிக் வேண்டும் என்பதுதான் தேவை என்றால் வெட்டுவதால் லாபமும் இல்லை.

முன்னால் துணை டிரம்மாக வைப்பது

எனக்கு மிகவும் பிடித்த வழி இது, பலர் யோசிப்பதே இல்லை. ஏற்கெனவே கிக் ஒன்று இருக்கிறது, அதன் அடிக்கனம் மட்டும் போதவில்லை என்றால், மார்ச்சிங் டிரம்மை அதன் முன்னால் சில இன்ச் இடைவெளி விட்டுத் தரையில் நிறுத்துங்கள். நீங்கள் கிக்கை அடிக்கும்போது வெளியேறும் காற்று முன்னால் நிற்பதன் தோலை அதிரவைக்கும். டிடபிள்யூ என்ற டிரம் நிறுவனம் இதற்கென்றே 8 இன்ச் ஆழத்தில் வூஃபர் என்ற பெயரில் டிரம் செய்கிறது; தத்துவம் இதேதான். இதற்கு ஸ்பர் வேண்டாம், உருளாமல் இரண்டு கட்டை முட்டுக் கொடுத்தால் போதும். பெடல் எட்டாத 28, 30 இன்ச் டிரம்முக்கெல்லாம் இதைவிட நல்ல வாழ்வு இல்லை. சுருதியைத் தாழ்வாக வைத்து, முன்பக்கத்தில் ஒரு மைக் வைத்துப் பதிவு செய்யும்போது வயிற்றில் உணரும் அந்த நீளமான அதிர்வு கிடைக்கும். குறை என்னவென்றால் மேடையில் இடம் பிடிக்கும். வேகமான இரட்டைப் பெடல் வாசிப்பில் அந்த நீள அதிர்வு ஒன்றோடொன்று கலந்து குழம்பும்.

பழைய கிக் ஒன்றை வாங்கிவிடுவது

இதையும் மனம் திறந்து பார்க்க வேண்டும். ஸ்பர், தோல், கம்பி, பெடல் கவ்வும் இடத்தில் ஹூப்புக்குப் போடும் ரப்பர் காப்பு, எல்லாவற்றையும் கூட்டினால் செலவு கணிசமாக வரும். டிரம்மே இனாமாக வந்தது என்றால் கணக்கு உங்கள் பக்கம். டிரம்மையும் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால், எல்லாம் பொருத்திய பழைய கிக் ஒன்று ஏறக்குறைய அதே தொகையில் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள். மெட்டல் மாதிரி வகைகளில் ‘டக் டக்’ என்று குட்டையாக, கூர்மையாக வெட்டுகிற சத்தம்தான் வேண்டும் என்றால், 22-க்கு 18 அளவில் கனமான ஷெல் உள்ள சாதாரண கிக் எளிதில் அங்கே போய்ச் சேரும். மார்ச்சிங் ஷெல்லை அந்த ஒலிக்குக் கொண்டுவர உள்ளே தலையணையும் போர்வையுமாகத் திணிக்க வேண்டியிருக்கும். மெல்லிய ஷெல்லின் அழகே அது திறந்து பாடுவதுதான். அதன் வாயை அடைத்துவிட்டு வாசிப்பதற்கு இவ்வளவு உழைப்பு எதற்கு? ஜாஸ், பழைய ராக், மெதுவான கனமான தாளங்கள் வாசிக்கிறவருக்கோ இந்த ஷெல் தருகிற வட்டமான குரல் கடைக் கிக்குகளில் எளிதில் கிடைக்காது.

முன்தோலில் ஓட்டை வேண்டுமா என்பதும் இதோடு சேர்ந்த கேள்விதான். முதலில் ஓட்டை இல்லாத தோலை, அடிக்கிற தோலைவிடச் சற்று அதிக இறுக்கத்தில் வைத்து, ஓரத்தில் ஒரு பட்டை கம்பளித்துணி மட்டும் கொடுத்து வாசித்துப் பாருங்கள். மைக்கை உள்ளே வைக்க வேண்டிய நிலை வந்தால், நடுவில் வேண்டாம். ஓரமாக, நான்கு ஐந்து இன்ச் அளவில் ஓர் ஓட்டை போதும்.

டிரம் இன்னும் ஊர்வலத்துக்கும் போய்வர வேண்டும் என்கிறவர்களுக்கு மேலே சொன்னவற்றில் துளையிடாத வழி ஒன்றுதான் ஒத்துவரும். மாட்டும் பிடியைக் கழற்றாதீர்கள், அடியில் வருமாறு திருப்பி வையுங்கள். தரையைத் தொட்டால் தொட்டில் ஸ்டாண்டு அதற்கு இடம் விடும். மார்ச்சிங் தோல் ஒரு ஜோடி, கிக் தோல் ஒரு ஜோடி என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் தோலை மாற்றிச் சுருதி வைக்க முக்கால் மணி நேரம் ஆகும். ஊர்வலத்துக்கு முந்தின நாள் இரவே மாற்றிவிடுங்கள், புதிதாக இறுக்கிய தோல் விடிவதற்குள் கொஞ்சம் தளர்ந்திருக்கும். காலையில் ஒரு சுற்றுத் திருகினால் நிலையாக நிற்கும்.